மாரி விட்டதும் நடும் சுக்கினி: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பல சுக்கினியைப் பற்றியவையாகவே இருந்தன. வெளிநாட்டில் வாழும் உறவினர் இந்தக் காயைப் பற்றிச் சொல்வதும், நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகள் ஒன்றிரண்டை வீட்டுக்குக் கொண்டுவருவதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகையால் இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு காய்க்கே ஒதுக்கியிருக்கிறோம். பிஞ்சாகப் பறித்துத் தோலோடு சமைக்கும் இந்தப் பூசணி வகையை நாம் பெரும்பாலும் மலைநாட்டிலிருந்து லொறியில் வரும் மரக்கறியாகவே கண்டிருக்கிறோம். ஆனாலும் காலமறிந்து நட்டால் திருகோணமலை மண்ணிலும் அது செழித்துக் காய்க்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

கேள்வி: சுக்கினி விதை வாங்கியிருக்கிறேன். வெளிநாட்டுப் பைக்கற். அதில் மே மாதத்தில் விதைக்குமாறு எழுதியிருக்கிறது. எங்கள் வளவு கடற்கரைக்கு அருகில் உள்ளது, வெறும் மணல். ஆடி, ஆவணியில் கிணற்றுத் தண்ணீரும் சற்று உவர்க்கும். எப்போது, எப்படி நட வேண்டும்? (வாசகி, நிலாவெளி)

பதில்: அம்மா, பைக்கற்றில் எழுதியிருப்பது உறைபனி விலகிய பின் விதைக்கும் குளிர்நாட்டவருக்கான குறிப்பு. அதை நம்பி மே மாதத்தில் நீங்கள் விதைத்தால், செடி பூக்கும் நேரத்தில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனல்போல் வீசிக்கொண்டிருக்கும். சுக்கினிக்கு உகந்த வெப்பம் ஏறத்தாழ 18 முதல் 27 பாகை செல்சியஸ். பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டத் தொடங்கினால் மகரந்தத்தின் வீரியம் குறையும். ஆண் பூக்கள் மிகுந்து பெண் பூக்கள் அருகும். மாரி மழைக்குள் நடுவதும் சரிவராது. எமது மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி, தை வரையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த ஈரத்தில் பூவும் பிஞ்சும் அழுகி, நுனியில் கறுத்த பூஞ்சணம் முளைக்கும். எனவே மழை ஓய்ந்து மண் கைக்குள் உதிரத் தொடங்கும் தை நடுப்பகுதியிலிருந்து மாசி நடுப்பகுதிக்குள் விதைப்பதே நல்லது. விதைத்த 45 முதல் 55 நாட்களில் முதற்காய் கிடைக்கும். பங்குனி, சித்திரை முழுவதும் பறிக்கலாம்.

மணல் நிலத்தைக் குறித்து மனம் தளர வேண்டாம். நீர் தேங்காமல் வடியும் மண்ணையே இச்செடி விரும்புகிறது; மணலில் இல்லாதவை உணவும் ஈரம் பிடிக்கும் தன்மையும் மட்டுமே, அவற்றை நாம் சேர்த்துக் கொடுக்கலாம். 45 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட குழிகளை, ஒன்றுக்கொன்று 90 சென்ரிமீற்றர் இடைவெளியில் வெட்டுங்கள். மழையில் ஊறிக் கிடந்த பழைய பொச்சுமட்டைகளை அடியில் ஒரு வரி அடுக்கினால் தண்ணீர் உடனே கீழே ஓடிவிடாது. வெட்டியெடுத்த மணலில் பாதியை விலக்கிவிட்டு, அதற்கு ஈடாக நன்றாக உக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் கலந்து குழியை நிரப்புங்கள். குழிக்கு மூன்று விதைகளை 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் இட்டால் ஒரு வாரத்திற்குள் முளைக்கும். திடமான ஒரு நாற்றை மட்டும் விட்டு மற்றவற்றை வேரோடு பிடுங்காமல் கத்தரியால் அடியோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் அருகிலுள்ள நாற்றின் வேரும் அசையும். நாற்று நாலைந்து இலை விட்டதும் செடியைச் சுற்றி வைக்கோல் பரப்புங்கள். நமது மணலில் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது.

உவர்நீரைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. சுக்கினி ஓரளவு உப்பைத் தாங்கும் பயிர்களுள் ஒன்று. மண்ணின் உப்பை அதன் மின்கடத்துதிறனைக் கொண்டு அளப்பார்கள். அதற்கான அலகில் அது மீற்றருக்கு ஏறத்தாழ 4.7 டெசிசீமன்ஸ் ஆகும்வரை சுக்கினியின் விளைச்சல் குறைவதில்லை. போஞ்சிக்கு இந்த எல்லை 1.0, வெங்காயத்துக்கு 1.2 மட்டுமே. எனவே உங்கள் கிணற்று நீர் வெங்காயத்துக்கு ஒத்துவராத மாதங்களிலும் சுக்கினியை வைத்திருக்க முடியும். ஆயினும் முளைக்கும் விதையும் இளநாற்றும் அவ்வளவு தாங்கமாட்டா. தையில் விதைப்பதால் மழைநீர் நிறைந்த கிணற்றின் நன்னீரே நாற்றுக்குக் கிடைக்கிறது. தண்ணீரை எப்போதும் அடியில் ஊற்றுங்கள். உவர்நீர் இலையில் பட்டு வெயிலில் காய்ந்தால் இலையின் ஓரம் கருகும்.

கேள்வி: என் தோட்டத்தில் நான்கு செடிகள் நிற்கின்றன. மஞ்சள் பூக்கள் நிறையப் பூக்கின்றன, ஆனால் காய்க்கவில்லை. இரண்டு வாரங்களுக்குப் பிறகு சில பிஞ்சுகள் தோன்றின. அவையும் விரல் நீளம் வந்ததும் நுனி மஞ்சளாகிச் சுருங்கி விழுகின்றன. பசளை போதவில்லையா? (வாசகர், உப்புவெளி)

பதில்: ஐயா, பசளையைக் கூட்ட வேண்டாம். குறிப்பாக யூரியா இட்டால் இலை மட்டும் குடைபோல் விரியும், காய் வராது. உங்கள் செடிகளில் நடப்பது இரண்டு வெவ்வேறு விடயங்கள். முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பூத்தவை அனைத்தும் ஆண் பூக்களாக இருந்திருக்கும். பூசணிக் குடும்பத்தில் இது இயல்பு, கவலைப்பட ஒன்றுமில்லை. பின்னர் தோன்றி விழுந்த பிஞ்சுகள் மகரந்தம் போதாமல் வாடியவை. பெண் பூவின் அடியில் விரலளவான பிஞ்சு பூ மலர்வதற்கு முன்பே இருக்கும். அதைக் கண்டு காய் பிடித்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் அந்தப் பிஞ்சு சில நாட்களில் நுனியிலிருந்து மஞ்சளாகி உதிரும்.

தேனீ வரும்வரை காத்திருக்காமல் நீங்களே அந்த வேலையைச் செய்யலாம். விடிந்து வெளிச்சம் வந்ததும் தோட்டத்துக்குப் போங்கள். சுக்கினிப் பூ ஒரு காலைப்பொழுது மட்டுமே விரிந்திருக்கும்; வெயில் ஏறியதும் இதழ்களை முறுக்கிக்கொண்டு மூடிவிடும், மறுநாள் திறக்காது. நீண்டு மெலிந்த காம்பில் நிற்பது ஆண் பூ. அதைப் பறித்து இதழ்களைப் பின்னோக்கி உரித்துவிட்டால் நடுவில் ஒற்றைத் தண்டு நிற்கும். அதை விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்தப் பூ முதிர்ந்துவிட்டது, வேறொன்றைப் பறியுங்கள். இப்போது பெண் பூவுக்குள் பாருங்கள். அதன் நடுவில் பல மடல்களாகப் பிரிந்து, சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும் சூல்முடி தெரியும். ஆண் தண்டை அதன் எல்லா மடல்களிலும் படுமாறு மெல்லச் சுற்றித் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் ஒரு புறம் தடித்து மறுபுறம் கூம்பி, வளைந்து வளரும். ஓர் ஆண் பூவை இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் பயன்படுத்தலாம். சரியாகச் சேர்ந்திருந்தால் இரண்டு நாட்களில் பிஞ்சு பளபளப்போடு தடித்து நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

பூச்சிமருந்து தெளிப்பவராக இருந்தால் காலையில் தெளிக்கும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள். அயல் வளவில் தெளிப்பவரிடமும் அன்பாகச் சொல்லிப் பாருங்கள். தேனீக்கு வேலி தெரியாது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். காய் பிடித்து நன்றாக வளர்ந்த பின் நுனி மட்டும் கறுத்து, தோல் போல் உலர்ந்து உள்வாங்கினால் அது வேறு குறை. ஒரு நாள் தண்ணீரில் மூழ்கடித்து, மூன்று நாள் காயவிட்டு, மறுபடியும் ஊற்றும் இடத்தில் வேரிலிருந்து சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேர்வதில்லை. அளவான நீரைத் தவறாமல் ஊற்றுவதுதான் அதற்கு மருந்து.

கேள்வி: இலைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் இருக்கின்றன. நோய் என்று சொல்லி இலைகளை எல்லாம் வெட்டிவிடச் சொல்கிறார்கள். (வாசகர், தம்பலகாமம்)

பதில்: வெட்டுவதற்கு முன் விரலால் தேய்த்துப் பாருங்கள் தம்பி. பல சுக்கினி வகைகளின் இலையில் நரம்புகளை ஒட்டி வெள்ளி நிறத் திட்டுகள் பிறவியிலேயே இருக்கும். அவை நரம்புகளின் போக்கில் ஒழுங்காக அமைந்திருக்கும், தேய்த்தாலும் போகா. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். விரலில் மாப்போல ஒட்டிக்கொண்டு வந்தால் அது சாம்பல் நோய்.

பெரும்பாலான பூஞ்சண நோய்களைப் போலன்றி இந்நோய்க்கு இலையில் தண்ணீர் நிற்கத் தேவையில்லை. பகல் வறண்டும் இரவுக் காற்று ஈரமாகவும் இருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் அது தாராளமாகப் பரவும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில்தான் முதலில் தோன்றும். அவற்றை மட்டும் வெட்டி, கூட்டெருக் குவியலில் போடாமல் எரித்துவிடுங்கள். எஞ்சிய இலைகளின் இரு பக்கமும் நனையுமாறு, ஒரு பங்கு பசுப்பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒரு முறையோ இரு முறையோ வெயில் நேரத்தில் தெளியுங்கள். இதைக் கைமருந்து என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை. பிரேசில் நாட்டு ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் சுக்கினிச் செடிகளிலேயே இதைச் சோதித்து, பால் இந்நோயைக் கட்டுப்படுத்தியதை 1999இல் வெளியிட்டார். இலை முழுவதும் வெளுத்த பின் தெளித்துப் பயனில்லை. முதல் திட்டைக் கண்டதும் தொடங்க வேண்டும்.

இலைகள் பச்சையும் மஞ்சளுமாகச் சிதறி, சுருண்டு, காயிலும் முடிச்சு முடிச்சாகத் தோன்றினால் அது அழுக்கணவன் என்னும் சிறு பூச்சி பரப்பும் வைரசு நோய். அதற்கு மருந்தில்லை. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கி எரித்துவிடுவது மற்றச் செடிகளைக் காக்கும்.

கேள்வி: காயை வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழுக்கள். மருந்து அடிக்க விருப்பமில்லை. (வாசகி, கிண்ணியா)

பதில்: பாகலையும் புடோலையும் கெடுக்கும் அதே பழ ஈயின் வேலை. பிஞ்சின் மென்மையான தோலில் குத்தி முட்டையிடும். பூவில் மகரந்தம் சேர்த்த மறுநாளே பிஞ்சைப் பழைய செய்தித்தாள் உறையால் மூடி, காம்பருகே தளர்வாகக் கட்டிவிடுங்கள். சுக்கினிக்கு இதில் ஒரு வசதி உண்டு. பூ மலர்ந்த ஒரு வாரத்துக்குள் அதைப் பறித்துவிடுவதால் ஓர் உறையே போதும், மழைக்குக் கிழியும் என்ற பயமும் இல்லை. புழு விழுந்த காய்களை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டால் அவை மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி ஈயாக எழுந்து திரும்பவும் உங்கள் தோட்டத்துக்கே வரும். அவற்றைக் கறுப்புப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டிச் சில நாட்கள் வெயிலில் போட்டுவைத்த பின் புதையுங்கள். ஆண் ஈக்களை ஈர்க்கும் பொறிகள் விவசாயப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்; அயலவர் நாலைந்து பேர் சேர்ந்து வைத்தால் பலன் கூடும். எந்தப் பொறி பொருந்தும் என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.

கேள்வி: போன வருடக் காயிலிருந்து எடுத்த விதையை நட்டேன். இந்த முறை காய் கசக்கிறது. உப்பிட்டு ஊறவைத்துப் பிழிந்தால் கசப்புப் போகுமா? மாமியார் பாகற்காய் கசக்கவில்லையா என்கிறார். (வாசகி, பாலையூற்று)

பதில்: தயவுசெய்து அதைச் சமைக்காதீர்கள். வாயில் வைத்த துண்டையும் துப்பிவிடுங்கள். பாகலின் கசப்பு வேறு, இது வேறு. மாமியாரிடம் இதை மரியாதையோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்லுங்கள். சுக்கினி, சுரை, வெள்ளரி ஆகியவற்றில் வழமைக்கு மாறாகத் தோன்றும் கடுங்கசப்பு, குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப் பொருளால் வருவது. உப்பிட்டுப் பிழிந்தாலும், வேகவைத்தாலும், பொரித்தாலும் அந்த நஞ்சு அழியாது. சிறிதளவு உண்டவருக்கே கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்படலாம். 2015இல் ஜெர்மனியில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினியைக் கசப்பைப் பொருட்படுத்தாமல் உண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். ஏற்கெனவே வீட்டில் யாரேனும் உண்டு உபாதை தொடங்கியிருந்தால் கைமருந்து பார்த்து நேரத்தை வீணாக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பெரும்பாலும் இந்தக் கசப்பு சேமித்த விதையின் வழியாக வருகிறது. அழகுக்கு வளர்க்கும் சிறு பூசணி வகைகளின் மகரந்தம் தேனீ வழியே கலந்திருந்தால், அந்தக் காயில் வேறுபாடு எதுவும் தெரியாது. அதன் விதையிலிருந்து முளைக்கும் அடுத்த தலைமுறைக் காயில்தான் கசப்பு வெளிப்படும். வறட்சியும் கடும் வெப்பமும் அதைக் கூட்டும். அந்தச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய விதையை வாங்குங்கள். தோட்டத்தில் தானாக முளைத்த பூசணிச் செடியின் காயையும் இதே எச்சரிக்கையோடு நடத்த வேண்டும். சமைக்கும் முன் பச்சையாக ஒரு கீற்றை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டிய வழக்கம்.

கேள்வி: சுக்கினிக்குப் பக்கத்தில் ஊர்ப் பூசணியும் வெள்ளரியும் நிற்கின்றன. காய் கலந்துவிடுமா? (வாசகர், மூதூர்)

பதில்: இந்தப் பருவத்தில் நீங்கள் பறிக்கும் காய்க்கு ஒன்றும் ஆகாது. வெள்ளரி சுக்கினியோடு கலக்கவே கலக்காது. நம்மூரில் பெரும்பாலும் பயிரிடும் பூசணி, சுக்கினிக்கு உறவான வேறோர் இனம். இரண்டும் இயற்கையில் கலப்பது அரிது. ஊர்ப் பூசணியின் கைப்பிடியளவு பிஞ்சையும் சுக்கினி போலவே தோலோடு சமைக்கலாம் என்பதை இங்கே சேர்த்துச் சொல்கிறோம். கொடியில் பத்துப் பிஞ்சு பிடித்தால் நாலைந்தைப் பிஞ்சிலேயே பறிப்பது மீதிக் காய்கள் பருக்கவும் உதவும். சுக்கினி விதை கிடைக்காதவர்கள் இந்தப் பகுதியிலுள்ள சமையல் குறிப்புகள் எல்லாவற்றையும் அந்தப் பிஞ்சைக் கொண்டே செய்து பார்க்கலாம்.

கேள்வி: ஆசையாக வளர்த்தேன், ஆனால் கறி வைத்தால் தண்ணீராகக் கரைந்துவிடுகிறது. பிள்ளைகள் தொட்டும் பார்ப்பதில்லை. எப்படிச் சமைத்தால் ருசிக்கும்? (வாசகி, சாம்பல்தீவு)

பதில்: சுக்கினியில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. உருளைக்கிழங்கை வைப்பதுபோல் தண்ணீர் விட்டு, உப்பிட்டு, மூடி வேகவைத்தால் உள்ளிருக்கும் நீர் முழுவதும் வெளியே வந்து காய் குழைந்துவிடும். ஆகவே இந்தக் காய்க்கு மூடி வேண்டாம், நெடுநேர நெருப்பும் வேண்டாம்.

பால்க்கறியிலிருந்து தொடங்குங்கள். 15 சென்ரிமீற்றர் நீளமான பிஞ்சுகளில் அரைக் கிலோ எடுத்து, தோல் சீவாமல் நீளவாக்கில் பிளந்து, விரல் தடிப்பான துண்டுகளாக வெட்டிவைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் எட்டுப் பத்து, பச்சைமிளகாய் மூன்று, அரைத் தேக்கரண்டி வெந்தயம், சிறிது மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை ஆகியவற்றை ஒரு கோப்பை இரண்டாம் பாலில் போட்டு முதலில் கொதிக்கவிட வேண்டும். காய் இல்லாமலே வெங்காயம் வெந்து பால் பாதியாக வற்றட்டும். அதன் பின்னரே காயைப் போட்டு நாலைந்து நிமிடம் திறந்தபடி வேகவிட்டு, துண்டு வளையும் பதத்தில் அரைக் கோப்பை முதற்பாலையும் உப்பையும் சேர்த்து, முதல் கொதி எழும்பியதும் இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பின்புதான் விட வேண்டும். இடியப்பத்துக்கு இந்தக் கறி மிகப் பொருத்தம்.

பிள்ளைகளுக்கு வறை பிடிக்கும் என்று நினைக்கிறோம், ஏனெனில் அதில் காயின் வழுவழுப்பே இராது. இரண்டு காய்களைத் துருவலில் பெரிய பல்லுள்ள பக்கத்தில் துருவி, ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசறி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு காயின் நீரை இழுத்துவிடும். பின்னர் மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி, நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து முறுக்குங்கள். முதலில் பச்சை நிற நீர் ஓடாக ஓடும். நிறுத்திவிடாமல், துளித்துளியாக வரும்வரை முறுக்க வேண்டும். துணியைப் பிரித்தால் காய் கைப்பிடியளவு உருண்டையாகச் சுருங்கியிருக்கும். அந்த நீரைக் கொட்டாமல் சொதிக்கு விட்டுக்கொள்ளுங்கள், அதில் உப்பு இருப்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். தாச்சியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, செத்தல் மிளகாய், அரிந்த வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, நெருப்பைக் கூட்டி, காயை உதிர்த்துப் போட்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். மஞ்சள் பிசறிய அரைக் கோப்பை தேங்காய்ப்பூவைத் தூவி, ஈரம் வற்றியதும் இறக்குங்கள். மாசிக் கருவாடு சேர்ப்பவர்கள் தாளிதத்திலேயே ஒரு கரண்டி இடித்துப் போடலாம். இதில் மீண்டும் உப்பிட அவசியம் இராது.

இறால் கிடைக்கும் நாளில் இரண்டையும் சேர்த்துப் பிரட்டுங்கள். ஆனால் ஒன்றாக வேகவைக்க வேண்டாம். முதலில் நன்கு காய்ந்த தாச்சியில் சுக்கினித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, ஓரம் சிவக்கும்வரை வதக்கித் தனியே எடுத்துவிடுங்கள். அதே தாச்சியில் வெங்காயம், உள்ளி, தக்காளி, கறித்தூள், இறால் என்று முறையாகப் பிரட்டி, சாறு இறுகியதும் காயைத் திரும்பப் போட்டு இரண்டு நிமிடத்தில் இறக்கினால் இறாலின் சுவையைக் காய் ஏந்திக்கொள்ளும், குழையவும் செய்யாது. எங்கள் பார்வையில் சுக்கினிக்குத் திருகோணமலை தரக்கூடிய மிகச் சிறந்த துணை இறால்தான்.

பூவையும் விட்டுவிடாதீர்கள். மகரந்தத்துக்குத் தேவையான சிலவற்றை விட்டு, மிகுதி ஆண் பூக்களைக் காலையிலேயே பறித்து, உள்ளே எறும்போ வண்டோ இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து, நடுத்தண்டை நீக்கி, கடலைமாவும் சிறிது அரிசிமாவும் கரைத்த கெட்டியான கலவையில் தோய்த்துப் பொரித்தால் பிள்ளைகள் தட்டை வெறுமையாக்கிவிடுவார்கள்.

கேள்வி: இலைக்கு அடியில் ஒரு காய் கண்ணில் படாமல் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. எறிந்துவிடுவதா? (வாசகர், திரியாய்)

பதில்: எறிய வேண்டாம். கசப்பில்லை என்று பார்த்த பின், தோலைச் சீவி, நடுவிலுள்ள பஞ்சையும் விதையையும் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, சதையைப் பருப்போடு சேர்த்தோ புளிக்கறியாகவோ வைக்கலாம். நீற்றுப்பூசணியில் செய்வதெல்லாம் இதிலும் செய்யலாம். ஆனால் அப்படி முற்றவிடுவது காய்க்கு மட்டுமன்றிச் செடிக்கும் கேடு. ஒரு காயில் விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் சத்தை அதற்கே செலுத்திப் புதிய பிஞ்சுகளைக் கைவிடுகிறது. காய்க்கும் காலத்தில் நாள்தோறும் இலைகளை விலக்கிப் பாருங்கள். கோடை வெப்பத்தில் நேற்று விரலளவாக இருந்தது ஓரிரு நாட்களில் பறிக்கும் அளவாகிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவு. சுக்கினி கொடுக்கலாமா? (வாசகி, கந்தளாய்)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். 100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 3 கிராம் மாச்சத்தும் 17 கலோரியும் மட்டுமே உள்ளன. தோலோடு சமையுங்கள், நார்ச்சத்தில் நல்ல பங்கு அதிலேயே இருக்கிறது. பால்க்கறியைவிட வறையும் பிரட்டலும் அவருக்கு ஏற்றவை. சிறுநீரகக் குறைபாடும் இருந்து பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. நிலாவெளி ஹோட்டல்களுக்கு சுக்கினி விற்கலாம் என்று யோசிக்கிறேன். (வாசகர், குச்சவெளி)

பதில்: நல்ல யோசனை தம்பி, ஆனால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். நமது கடற்கரைக்கு விருந்தினர் அதிகம் வருவது கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை. சுக்கினி எளிதாகக் காய்ப்பதோ பங்குனியிலும் சித்திரையிலும். ஹோட்டல்கள் கூடுதலாகக் கேட்கும் மாதங்கள் கச்சான் வீசும் மாதங்கள். அந்த மாதங்களில் விளைவிக்க விரும்பினால் நிழல்வலை கட்டி, தென்மேற்குப் பக்கத்தில் கிடுகு வேலியால் காற்றைத் தடுத்து, வைக்கோல் மூடாக்கிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். வலைக்குள் தேனீ குறைவாகவே வருமென்பதால் விடியற்காலையில் கையால் மகரந்தம் சேர்ப்பது அன்றாட வேலையாகிவிடும். மகரந்தமின்றியே காய் பிடிக்கும் வீரிய விதைகளும் உண்டு. விலை கூடினாலும் இந்த மாதங்களுக்கு அவையே இலாபம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டால் ஒரே மாதத்தில் காய்த்து ஓய்ந்துவிடும், ஆகையால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிறுசிறு பாத்திகளாக விதையுங்கள்.

ஹோட்டல் சமையலறைக்குப் பெருங்காய் வேண்டாம். 15 முதல் 18 சென்ரிமீற்றர் நீளத்தில், ஒரே பருமனாக, கீறலின்றி, காம்பு 2 சென்ரிமீற்றர் ஒட்டியிருக்குமாறு கத்தியால் வெட்டிய காயைத்தான் வாங்குவார்கள். சுக்கினியின் தோலில் நகம் பட்டாலும் தழும்பு விழும். பருத்திக் கையுறை அணிந்து விடியற்காலையில் பறித்து, கழுவாமல், செய்தித்தாள் விரித்த பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுமுன் கொண்டுபோய்க் கொடுங்கள். மிஞ்சுவதை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் சில நாட்கள் வைத்திருக்கலாம். 5 பாகைக்குக் கீழே நெடுநாள் வைத்தால் தோலில் குழி விழுந்து நீர் கோக்கும். நிலத்தை உழுவதற்கு முன்னரே இரண்டு மூன்று ஹோட்டல்களின் தலைமைச் சமையற்காரரைச் சந்தித்து, வாரத்துக்கு எத்தனை கிலோ, எந்தெந்த நாளில் வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். பூவும் வேண்டுமா என்று கேட்கவும் மறக்காதீர்கள். முதலாண்டில் கால் ஏக்கர் முழுவதிலும் இறங்காமல், தையில் ஒரு பாத்தியும் வைகாசியில் நிழல்வலைக்குள் ஒரு பாத்தியும் மட்டும் நட்டு, இரண்டிலும் செலவையும் விளைச்சலையும் கொப்பியில் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்த்த பின் மீதி நிலத்தைத் தீர்மானியுங்கள்.